காலில் திருகாணி மாட்டிய வண்டு... தெரியுமா?

அரிசி மூட்டையைப் பிரித்ததும் விரல் மேல் ஏறி ஓடும் கறுப்பு வண்டைத் தெரியாத வீடு உண்டா? முறத்தில் புடைத்து, வெயிலில் காயப்போட்டு விரட்டுகிறோமே, அதே அரிசி வண்டுதான். நீண்ட மூக்கோடு திரியும் அதைக் கூன்வண்டு என்ற மாபெரும் கூட்டத்தில் சேர்க்கிறார்கள். தென்னையைத் துளைத்துச் சாய்க்கும் சிவப்புக் கூன்வண்டும், மாங்கொட்டைக்குள் குடியிருக்கும் வண்டும் இதே கூட்டம்தான். உலகில் இதுவரை பெயர் வைக்கப்பட்ட கூன்வண்டு இனங்கள் 50,000க்கும் மேல்!

அந்தக் கூட்டத்தில் ஒரு பிரிவு, மேகம் உரசும் மலைக்காடுகளில், ஈரச் சருகுக்கு அடியிலும் இலைகளின் மேலும் சத்தமே இல்லாமல் வாழ்கிறது. பெயர் ட்ரைகோனாப்டெரஸ். சுமத்ராவில் தொடங்கி ஜாவா, பாலி, சுலவேசி, நியூ கினி, ஆஸ்திரேலியாவின் வடகிழக்கு மூலை, பசிபிக்கின் சமோவா வரை பரவியிருக்கும் பேரினம். இவற்றில் பெரும்பாலானவை 2, 3 மில்லிமீட்டர்தான். பறக்கும் இறக்கை கிடையாது. நகத்தின் மேல் நான்கைந்தை வரிசையாக நிறுத்திவிடலாம். ஆனால் இந்தப் பொடி வண்டு ஒளித்து வைத்திருக்கும் அதிசயங்களைக் கேட்டால் தூக்கம் வராது!

போல்ட்டும் நட்டும் போட்ட இடுப்பு

நம் இடுப்பில் இருப்பது பந்துக்கிண்ண மூட்டு என்று பள்ளிக்கூடத்தில் படித்திருக்கிறோம். முழங்கையில் இருப்பது கதவுக் கீல் மாதிரியான மூட்டு. பூச்சிகளின் கால்களிலும் கீல் மூட்டுகளே அதிகம். திருகும் மரையும் சேர்ந்த மூட்டு எந்த உயிருக்காவது இருக்குமா? அதெல்லாம் பட்டறை சமாச்சாரம், மனிதன் உண்டாக்கியது என்றுதான் உலகமே நினைத்துக்கொண்டிருந்தது.

2011 ஜூலையில் 'சயின்ஸ்' ஆய்விதழில் ஒரு சின்னக் கட்டுரை வந்தது. ஜெர்மனியின் கார்ல்ஸ்ரூ நகரத்து ஆய்வாளர்கள் தாமஸ் வான் டி காம்ப், அலெக்சாண்டர் ரீடல் குழுவினர் எழுதியது. பப்புவாவிலிருந்து வந்த ட்ரைகோனாப்டெரஸ் ஓப்லாங்கஸ் என்ற வண்டை, மிகச் சக்திவாய்ந்த எக்ஸ்-கதிரில் சுற்றிச் சுற்றிப் படமெடுத்து, கணினியில் முப்பரிமாண உருவமாக்கிப் பார்த்திருக்கிறார்கள். கால் உடம்போடு சேரும் இடத்தில் தெரிந்தது... மரை! உடம்பை ஒட்டிய முதல் துண்டின் உட்புறத்தில் சுழன்று இறங்கும் பள்ளம். அதற்குள் நுழையும் அடுத்த துண்டின் வெளிப்புறத்தில் அந்தப் பள்ளத்துக்கு அச்சாகப் பொருந்தும் திருகு. காதுத் தோட்டுக்குப் பின்னால் திருகாணியை முடுக்குவோமே, அதே வேலை!

அதுவும் அரைகுறைத் திருகு இல்லை. உட்பக்க மரை 345 டிகிரி சுற்றுகிறது. வெளிப்பக்கத் திருகு 410 டிகிரி. அதாவது ஒரு முழுச் சுற்றையும் தாண்டி இன்னும் கொஞ்சம்! மொத்த அமைப்பும் அரை மில்லிமீட்டர் அளவுதான். முன்கால் சுமார் 90 டிகிரி வரைக்கும், பின்கால் சுமார் 130 டிகிரி வரைக்கும் திரும்பும். நம் போல்ட் நட்டைப் போல முழுக்கக் கழற்றி மாட்ட முடியாது, தசைகள் பிடித்துக்கொண்டிருக்கின்றன. அந்தத் தசைகள்தான் திருகை முன்னும் பின்னும் சுழற்றுகின்றன. இலை விளிம்பில் தொங்கவும், குச்சியைச் சுற்றி ஏறவும் இந்தச் சுழற்சி கைகொடுக்கிறது.

எனக்கு மெய்சிலிர்க்கும் இடம் இன்னொன்று. பல வகைக் கூன்வண்டுகளையும் அவர்கள் சோதித்தார்கள். அவற்றிலும் திருகு இருந்தது! கூன்வண்டுகள் பத்துக் கோடி ஆண்டுகளுக்கு மேல் பழைய பரம்பரை. எத்தனை அருங்காட்சியகங்களில் எத்தனை லட்சம் கூன்வண்டுகள் ஊசியில் குத்தி அடுக்கிக் கிடக்கின்றன! எத்தனை தலைமுறை அறிஞர்கள் உருப்பெருக்கியை வைத்துப் பார்த்திருப்பார்கள்! மூட்டு ஓட்டுக்கு உள்ளே மறைந்திருந்ததால் 2011 வரை யார் கண்ணிலும் படவில்லை.

தொட்டால் மண்

சருகைக் கிளறினால் ஓடுமா? ஓடாது. பறக்க இறக்கையும் இல்லை. பிறகு எப்படித் தப்பிக்கிறது? செத்துப்போகிறது! நிஜச் சாவு இல்லை, நடிப்புச் சாவு. ஆறு கால்களையும் வயிற்றோடு மடக்கி, மூக்கையும் மார்புக்கடியில் சொருகிக்கொண்டு, அசையாமல் கிடக்கும். மடக்கிய உறுப்புகள் ஒன்றோடொன்று பூட்டிக்கொள்ளும் அமைப்பும் உடம்பிலேயே உண்டு. ஓடு அவ்வளவு கெட்டி. அந்த நிலையில் அதைக் கையில் வைத்துக் காட்டினாலும் மண் துணுக்கு என்றே நினைப்போம்.

பாலிக்குக் கிழக்கு வாசல்

1856ல் ஆல்ஃபிரட் ரஸ்ஸல் வாலஸ் பாலித் தீவில் இறங்கினார். பரிணாமக் கொள்கையை டார்வினோடு சேர்ந்து உலகுக்குச் சொன்ன அதே வாலஸ். பாலியில் ஆசியப் பறவைகளைப் பார்த்தார். அடுத்த தீவான லொம்போக்குக்குப் போனதும், கொண்டை வைத்த காக்கட்டூ கிளிகள், தேன்சிட்டு போலத் தேன் உறிஞ்சும் ஆஸ்திரேலியப் பறவைகள்! நடுவில் குறுகலான இடத்தில் சுமார் 20 கிலோமீட்டர் கடல்தான். கடல்மட்டம் 120 மீட்டர் தாழ்ந்த பனியூழிக் காலத்தில்கூட அந்த ஆழமான நீர்ச்சந்தி காய்ந்து தரையாகவில்லை. ஆசிய உயிர்கள் மேற்கே, ஆஸ்திரேலிய உயிர்கள் கிழக்கே. அந்த எல்லைக்கு இன்றும் வாலஸ் கோடு என்றே பெயர்.

ஜாவாவுக்கும் பாலிக்கும் நடுவில் என்ன இருக்கிறது? குறுகலான இடத்தில் மூன்று கிலோமீட்டர்கூட இல்லாத கடல். பனியூழிக் காலத்தில் அதுவும் தரை. புலி நடந்தே வந்தது, பாலியில் புலி இருந்தது. ஆகவே பாலியின் உயிர்கள் ஜாவாவிலிருந்து வந்தவை என்பது பாடப்புத்தகக் கணக்கு.

இந்தச் சருகு வண்டு அந்தக் கணக்கைக் கலைத்துப் போட்டது!

ரெனே டான்ஸ்லர், இம்மானுவேல் துசாந், யயுக் சுஹார்ஜோனோ, மைக்கேல் பால்கே, ரீடல் ஆகியோர் 2014ல் வெளியிட்ட ஆய்வில் பாலியின் எட்டு ட்ரைகோனாப்டெரஸ் இனங்களை எடுத்துக்கொண்டு மரபணு வழி குடும்ப மரம் போட்டார்கள். எட்டும் பாலியில் மட்டுமே இருப்பவை. நூற்றுக்கு நூறு! அந்த எட்டில் ஐந்து, பாலி மண்ணிலேயே ஒரே மூதாதையிலிருந்து கிளைத்தவை. மொத்தம் மூன்று தனித்தனி வம்சங்கள் இந்தத் தீவுக்கு வந்து குடியேறியிருக்கின்றன. மூன்றும் எங்கிருந்து? கிழக்கிலிருந்து! பறக்கத் தெரியாத இரண்டரை மில்லிமீட்டர் வண்டு, வாலஸ் கோட்டைத் தாண்டி, கடலைக் கடந்து, ஒரு முறை இல்லை, மூன்று முறை வந்து இறங்கியிருக்கிறது. பக்கத்து வீடான ஜாவாவில் இதே வண்டுக் கூட்டம் நிறைய இருந்தும், அங்கிருந்து ஒன்றுகூட வரவில்லை, இங்கிருந்து ஒன்றுகூடப் போகவில்லை.

எப்படிக் கடந்திருக்கும்? மழைவெள்ளம் அடித்துக்கொண்டுபோன மரமும் வேரும் மண்ணும் சேர்ந்து கடலில் மிதக்கும். அதில் ஒட்டிக்கொண்டு வந்திருக்கலாம் என்பதுதான் பொருத்தமான விளக்கம். புலி நடந்து வந்த வழியில் இது நடக்கவில்லை. பறவைக்கே வேலி போட்ட கடலில் மிதந்து வந்திருக்கிறது. நினைத்தாலே மலைப்பாக இல்லையா?

இந்த எட்டில் ஒன்றுக்கு 2014 டிசம்பரில் வைத்த பெயர் ட்ரைகோனாப்டெரஸ் அட்டன்பரோய். பி.பி.சி.யின் இயற்கைப் படங்களால் உலகத்தையே காட்டுக்குள் அழைத்துப்போன டேவிட் அட்டன்பரோவுக்கு மரியாதை. அவர் பெயரில் பலவான் தீவில் பூச்சி தின்னும் குடுவைச் செடி உண்டு, தொல்காலக் கடல் ஊர்வன ஒன்றின் புதைபடிவமும் உண்டு. அந்த வரிசையில் சருகுக்கடியில் ஒரு குட்டி வண்டு!

மலைக்கு ஒரு வண்டு

இந்தோனேசிய வரைபடத்தை எடுத்து வைத்துக்கொண்டு வண்டுகளின் பெயர்களைப் படித்துப் பாருங்கள். கெடென்சிஸ் என்றால் கெடே எரிமலை. அர்ஜுனென்சிஸ் என்றால் அர்ஜுனோ மலை. ஆமாம், நம் பாண்டவர் அர்ஜுனன் பேரில் ஜாவாக்காரர்கள் வைத்த மலைதான். டியெங்கென்சிஸ் வந்தது டியெங் பீடபூமியிலிருந்து. இரவில் நீலத் தீ எரியும் இஜென் எரிமலையின் பெயரில் இஜென்சிஸ். லொம்போக்கில் 3,726 மீட்டர் உயர்ந்து நிற்கும் ரிஞ்சானியின் பெயரில் ரிஞ்சானியென்சிஸ். மலைப் பெயர்கள் வண்டுப் பெயர்களாகிக்கொண்டே போகின்றன!

காரணம் எளிமையானது. இறக்கை இல்லை. ஈரம் இல்லாத இடத்தில் தாக்குப்பிடிக்காது. மலை உச்சிக் காடு குளிர்ந்து நனைந்திருக்கும். நடுவில் இருக்கும் சமவெளி சூடாக, வறண்டு கிடக்கும். இந்த வண்டுக்கு ஒவ்வொரு மலையும் ஒரு தீவு. அங்கேயே பிறந்து, அங்கேயே பெருகி, பல லட்சம் ஆண்டுகளில் அங்கேயே தனி இனமாகிவிடுகிறது. கடலை மூன்று முறை தாண்டிய பரம்பரைக்குப் பக்கத்து மலைக்குப் போக வழியில்லை. கடல் கடப்பது லட்சக்கணக்கான ஆண்டுகளில் என்றோ ஒரு நாள் நடக்கும் அபூர்வம். அன்றாட வாழ்க்கையோ ஒரு மரத்தடியில் முடிந்துவிடும்.

நியூ கினியின் வடகரையில் ஜெயபுரா நகரத்துக்குப் பக்கத்தில் சைக்ளாப்ஸ் மலைத்தொடர் இருக்கிறது. பெரிய மலைத்தொடர் இல்லை. அந்த ஒன்றில் மட்டும் 51 வகை ட்ரைகோனாப்டெரஸ் இருப்பதாக 2010ல் ஆய்வு வந்தது. ஒரே மலைத்தொடர், ஒரே பேரினம், 51 இனங்கள்!

அதே சைக்ளாப்ஸ் மலையில்தான் அட்டன்பரோ பெயர் தாங்கிய இன்னொரு விலங்கும் வாழ்கிறது. முட்டையிடும் பாலூட்டி, உடம்பெல்லாம் முள், நீண்ட அலகு. அட்டன்பரோ எக்கிட்னா. 1961ல் கிடைத்த ஒரே ஒரு மாதிரியை வைத்து 1998ல் பெயர் வைத்தார்கள். அதற்குப் பிறகு அறிவியலார் கண்ணில் படவே இல்லை. 2023ல் ஆக்ஸ்ஃபோர்டு ஆய்வாளர்களும் பப்புவா மக்களும் சேர்ந்து அந்த மலையில் ஏறி 80க்கும் மேற்பட்ட தானியங்கி கேமராக்களை வைத்தார்கள். கடைசி நாளில், கடைசி மெமரி கார்டில், நடந்துபோகிறது எக்கிட்னா! உலகமே அந்தப் படத்தைப் பார்த்துக் கொண்டாடியது. கொண்டாட வேண்டியதுதான். எக்கிட்னா நடந்த அதே மலையில் இருக்கும் அந்த 51 வண்டுகளுக்கும் ஒரு கைதட்டல் கொடுத்தால் என்ன என்று எனக்குத் தோன்றிக்கொண்டே இருக்கிறது.

டெலிபோன் டைரக்டரியில் பெயர் தேடிய விஞ்ஞானிகள்

ஒரு குழந்தைக்குப் பெயர் வைக்கவே வீட்டில் எத்தனை பேச்சு! ஒரே கட்டுரையில் 101 பிள்ளைகளுக்குப் பெயர் வைக்க வேண்டியிருந்தால்?

2013ல் நியூ கினியிலிருந்து 101 புதிய ட்ரைகோனாப்டெரஸ் இனங்களை ஒரே மூச்சில் அறிவித்தார்கள். லத்தீனும் கிரேக்கமும் தீர்ந்துபோயிருக்க வேண்டும். பப்புவா நியூ கினியின் தொலைபேசி டைரக்டரியை எடுத்துப் புரட்டி, அங்குள்ள குடும்பப் பெயர்களை வண்டுகளுக்கு வைத்தார்கள்! அப்படி வந்ததுதான் மொரெயாரம். மொரெயா குடும்பத்தாரின் வண்டு என்று பொருள். அந்த மண்ணின் வண்டுக்கு அந்த மண்ணின் குடும்பப் பெயர். இதைவிடப் பொருத்தமாக யாரால் வைக்க முடியும்?

அடுத்த ஆண்டு ஜாவா, பாலி, சுமத்ரா, லொம்போக், ஃபுளோரஸ் பக்கத்திலிருந்து இன்னும் 98. இந்தமுறை இந்தோனேசிய எண்கள்! சாத்து, துவா, தீகா, எம்பாட், லீமா... ஒன்று, இரண்டு, மூன்று, நான்கு, ஐந்து என்று துவாபெலஸ், அதாவது பன்னிரண்டு வரைக்கும் போனார்கள்.

2016ல் நியூ பிரிட்டன் தீவில் கால்களிலும் தலையிலும் அடர்த்தியாகச் செதில் மூடிய ஒன்று கிடைத்தது. 'ஸ்டார் வார்ஸ்' படத்து முடியடர்ந்த நண்பன் நினைவுக்கு வந்துவிட்டான். பெயர் செவ்பாக்கா!

பிறகு 2019 மார்ச்சில் சுலவேசி. கோரைப்பல் நெற்றிவரை வளையும் காட்டுப்பன்றி பாபிருசா, குட்டி எருமை அனோவா எல்லாம் வாழும் விசித்திரத் தீவு. அங்கே 1885லிருந்து தெரிந்த ட்ரைகோனாப்டெரஸ் ஒரே ஒரு இனம். ரீடலும், இந்தோனேசியாவின் போகோர் விலங்கியல் அருங்காட்சியகத்தைச் சேர்ந்த பிரமேசா நாரக்குசுமோவும் ஒரே நேரத்தில் அறிவித்தது எத்தனை தெரியுமா? 103! பச்சை நிறம், சின்ன உருவம், காட்டுவாசி... உடனே யோடா. பிரெஞ்சு காமிக்ஸ் வீரர்கள் அஸ்டெரிக்ஸ், ஓபெலிக்ஸ், அவர்களுடைய குட்டி நாய் இடெஃபிக்ஸ் மூவரும் வண்டுகளானார்கள். டார்வின் பெயரிலும் ஒன்று, டி.என்.ஏ.வின் முறுக்கேணி வடிவத்தைச் சொன்ன வாட்சன், கிரிக் பெயர்களிலும் வண்டுகள். உடம்பிலேயே திருகு வைத்திருக்கும் பூச்சிக்கு முறுக்கேணிக்காரர்கள் பெயர்!

சல்லடையில் தொடங்கும் கதை

இவ்வளவும் எப்படிக் கிடைத்தன? முதல் கருவி சல்லடை. பெரிய துணிப்பையின் வாயில் கம்பிவலை. மரத்தடிச் சருகை அள்ளிப் போட்டுக் குலுக்கினால், பெரிய இலையும் குச்சியும் மேலே நிற்கும், பொடி கீழே விழும். அதை வலைப்பையில் கட்டித் துணிக்கூண்டுக்குள் தொங்கவிடுவார்கள். பொடி காயக் காய, ஈரம் தேடும் உயிர்கள் ஒவ்வொன்றாகக் கீழே இறங்கி ஆல்கஹால் குப்பியில் விழும். வெள்ளைத் தட்டில் பரப்பிக் கண்ணால் தேடினால் பொறுமை வேண்டும். நம் வண்டுதான் செத்த நாடகம் போடுமே! குலுக்கிய அதிர்ச்சி போய், ஒரு 'மண் துணுக்கு' மெல்லக் கால் நீட்டி நடக்கத் தொடங்கும் வரைக்கும் காத்திருக்க வேண்டும்.

கிடைத்ததும் வேறு தலைவலி. பெரும்பாலும் ஒன்றுபோலவே இருக்கும். கறுப்பு, பளபளப்பு, குட்டை. இரண்டு தனி இனங்களைப் பக்கத்தில் வைத்தாலும் வெறும் கண்ணுக்கு வித்தியாசம் தெரியாது. அங்கேதான் மரபணு வந்தது. ஒவ்வொரு வண்டிலிருந்தும் காக்ஸ்1 என்ற ஒரு சின்ன மரபணுப் பகுதியை மட்டும் படித்தால், எது எந்த இனம் என்று பிரிந்துவிடுகிறது. பிறகு உடம்பின் உள்ளுறுப்பு வடிவங்களைப் பார்த்து உறுதி செய்து, தெளிவான பெரிய படம் எடுத்து, சுருக்கமான விவரிப்போடு அச்சேற்றிவிடுகிறார்கள். பழைய முறையில் நீட்டி முழக்கி எழுதினால் இத்தனை இனங்களை முடிக்க ஒருவர் ஆயுள் போதாது. வேகமான இந்த முறைக்கு டர்போ டாக்ஸானமி என்றே பெயர். 1862ல் இந்தப் பேரினத்துக்குப் பெயர் வைத்த காலத்திலிருந்து ஒன்றரை நூற்றாண்டில் சேர்ந்த இனங்கள் நூற்றுக்கும் குறைவு. 2013லிருந்து 2019க்குள் மேலே சொன்ன மூன்று கட்டுரைகளில் மட்டும் 302!

அவசரம் எதற்கு என்று கேட்கலாம். காடு காத்திருக்காதே! ஜாவாவில் சமவெளிக் காடு ஏறக்குறைய போய்விட்டது. மிஞ்சிய காடு எரிமலைகளின் தோள்களில்தான் நிற்கிறது. மரம் வெட்டினால் வெயில் இறங்கும், வெயில் இறங்கினால் சருகு காயும், சருகு காய்ந்தால் வண்டு போய்விடும். யானைக்கு வேறு காடு இருக்கலாம், பறவை பறந்து போகலாம். ஒரே ஒரு மலையில் மட்டும் இருக்கும் வண்டுக்கு அந்தச் சரிவுதான் மொத்த உலகம். அங்கே காடு போனால், அந்த இனம் பூமியிலேயே இல்லை. அதனால்தான் இந்த மலைகளில் காப்புக்காடு கேட்பவர்களுக்கு இந்தப் பொடி வண்டுகளின் பட்டியல் பெரிய ஆயுதம். இந்த மலையைத் தவிர வேறெங்கும் இல்லாத உயிர் இத்தனை இங்கே இருக்கிறது என்று எண்ணிக் காட்ட முடிகிறதே!

சுலவேசி வேலை இன்னும் முடியவில்லை என்று அந்த ஆய்வாளர்களே சொல்லியிருக்கிறார்கள். சல்லடை படாத மலைகள் அங்கே நிறைய இருக்கின்றன. இதுவரை கிடைத்தவற்றைப் பார்க்க நாம் ஜெர்மனிக்கோ இந்தோனேசியாவுக்கோ போக வேண்டியதில்லை. 101, 98, 103 ஆகிய மூன்று கட்டுரைகளும் 'ஸூகீஸ்' என்ற ஆய்விதழில் யாரும் காசு கொடுக்காமல் படிக்கும்படி கிடக்கின்றன. ஒவ்வொரு வண்டுக்கும் பெரிய வண்ணப் படம் உண்டு. வீட்டுப் பிள்ளைகளைப் பக்கத்தில் உட்காரவைத்துக்கொண்டு போனில் திறந்து பாருங்கள். முதலில் யோடாவைத் தேடுங்கள், அப்புறம் அட்டன்பரோய்!